கூடுவாஞ்சேரிக் கணக்கு

நாலு மாசமா எங்க வீட்ல ஒரே பேச்சு. கூடுவாஞ்சேரிக்குப் போகலாமா, வேணாமா?

இப்ப திருவல்லிக்கேணியில வாடகைக்கு இருக்கோம். ஒண்டுக் குடித்தனத்துக்குக் கொஞ்சம் மேலே, ஃபிளாட்டுக்குக் கொஞ்சம் கீழே, அப்படி ஒரு ரகம். எனக்கு ஆபீஸ் பாரிமுனைப் பக்கம். வீட்டைப் பூட்டி பஸ் பிடிச்சா 25 நிமிஷத்துல சீட்ல உக்காந்துடலாம். இங்க ஒரு அறை வாங்குற காசுக்கு அங்க தனி வீடு, பின்னால கிணறு, முன்னால ரெண்டு தென்னை வைக்க இடம். இருபது வருஷம் முன்னாடி சீரியல் நடிகர் ஒருத்தர் டிவியில கையை நீட்டி "தாம்பரத்திலிருந்து பதினைந்தே நிமிடத்தில்"னு சொல்வாரே, ஞாபகம் இருக்கா? புரோக்கர்கள் இன்னும் அதே வசனத்தைத்தான் சொல்றாங்க. எந்த வண்டியில பதினைந்து நிமிஷம்னு அவரும் சொன்னதில்ல, இவங்களும் சொல்றதில்ல. 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு வசனத்துல ஊர்ப் பேரு மட்டும் மாறியிருக்கு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதை முடிவு பண்ணணும்னாலும், முன்னாடி யாரெல்லாம் இதைச் செஞ்சாங்கன்னு தேட ஆரம்பிச்சிடுவேன். வீட்டு லோனுக்கு ஓட வேண்டிய நேரத்துல நூலகத்துக்கு ஓடினேன். (வீட்ல கிடைச்ச திட்டு தனிக்கதை.)

சென்னையில வேலை ஒரு இடம், வீடு தூரத்துல ஒரு இடம்னு முதல்ல வாழ ஆரம்பிச்சது யாரு? கம்பெனி துரைமார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கோட்டைக்குள்ள புழுக்கமும் நெரிசலும் தாங்காம, அவங்க நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடையாறுன்னு தோட்ட வீடுகள் கட்டிக்கிட்டுப் போனாங்க. ஜேம்ஸ் பிராடி 1790-களில் அடையாற்றங்கரையில கட்டின பிராடி காசில் இன்னைக்கும் இருக்கு. இசைக்கல்லூரி இருக்கிற கட்டடம்தான். அங்கேர்ந்து ஜார்ஜ் கோட்டைக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். இன்னைக்கு நமக்கு அது ஒண்ணுமில்ல. அன்னைக்கு அது ஊருக்கு வெளியே, வயலும் தோப்பும் தாண்டி.

துரைகள் அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தாங்க? குதிரை வண்டி, இல்லேன்னா பல்லக்கு. அதாவது துரை உள்ள சாய்ஞ்சிருப்பாரு, தூரத்தைத் தோள்ல வாங்கினவங்க வேற ஆளுங்க. தோட்ட வீட்டுக் காற்றைப் பத்தி அவங்க எழுதி வச்ச குறிப்புகள் நிறைய உண்டு. பல்லக்கு தூக்கினவரு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாருன்னு எழுதி வச்சதை நான் பார்க்கல.

இந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டேன். அதுவரைக்கும் நான் போட்ட கணக்கு பூரா கிலோமீட்டர், நிமிஷம், ரூபாய்தான். தூரம் இருந்தா அதை யாராவது ஒருத்தர் சுமந்தாகணும், அது பல சமயம் வீட்டுக்குச் சொந்தக்காரரா இருக்கறதில்லங்கறது அப்பதான் உறைச்சது. அதுக்கப்புறம் படிச்ச எல்லாத்தையும் இந்தக் கண்ணோட்டத்தோடதான் படிச்சேன்.

சாதாரண சனங்களுக்கு அப்பல்லாம் நடைதான். ஜார்ஜ் டவுன்ல கடை வச்சவரு கடைக்கு மேலயோ பக்கத்துத் தெருவுலயோ இருந்தாரு. 1895-ல டிராம் வந்தது. 1953-ல நிக்குற வரைக்கும் மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் பாரிமுனையோட அதுதான் கட்டி வச்சது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, சர் பிட்டி தியாகராயர் பேர்ல தியாகராய நகரை உண்டாக்கினாங்க. இன்னைக்கு ரங்கநாதன் தெருவுல மூச்சு முட்டறவங்களுக்குச் சொன்னா சிரிப்பாங்க, ஆனா ஒரு காலத்துல அதுவும் "அவ்ளோ தூரமா?"ன்னு கேட்ட இடம்தான்.

செசாரே மார்க்கெட்டின்னு ஒரு இத்தாலிய இயற்பியலாளர். 1994-ல ஒரு கட்டுரை எழுதினாரு. மனுஷன் எந்தக் காலத்துலயும் போக்குவரத்துக்குன்னு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் செலவழிக்கிறான், வண்டி வேகமானா அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க மாட்டான், இன்னும் தள்ளிப் போய்க் குடியிருப்பான்கறது அவரு வாதம். யாகோவ் ஜஹாவிங்கற ஆய்வாளர் அதுக்கு முன்னாடியே சொன்னதை வச்சு அவரு விரிச்சது. நடந்து போன காலத்து ஊருங்களோட மதில் 5 கிலோமீட்டர் குறுக்களவுக்கு மேல போகலைன்னு கணக்கு காட்டறாரு. நல்ல கட்டுரை. ஆனா அவரைக் கடற்கரை ஸ்டேஷன்ல சாயங்காலம் ஆறரைக்குச் செங்கல்பட்டு வண்டியில ஏத்தி விட்டிருந்தா, அந்த ஒரு மணி நேரத்தை ரெண்டா மூணான்னு யோசிச்சிருப்பாரு.

நம்ம ஊர்ல தூரத்தை உண்மையிலயே சுருக்கினது 1931. அந்த வருஷம்தான் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. மீட்டர் கேஜ், 29 கிலோமீட்டர் சுமார். புகைவண்டிக்குக் காத்துக்கிடந்த காலம் போய், அடுத்தடுத்து வண்டி. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் சென்னையோட வாசல்படி ஆனது இதாலதான். (குரோம் லெதர் கம்பெனியாலதான் குரோம்பேட்டைக்கு அந்தப் பேரு. தோல் பதனிடற தொழில் ஊர்ப்பேரா ஆனது எத்தனை பேருக்குத் தெரியும்?) தாம்பரம் சானடோரியம் 1928-லயே வந்தாச்சு. காசநோய்க்காரங்களை ஊர்ல இருந்து தள்ளி, நல்ல காத்துல வைக்கிற இடம். அதாவது தாம்பரம்னா நோயாளிங்க போற தூரம்.

அந்தத் தூரத்துக்கு ஒரு காலேஜே கிளம்பிப் போச்சு. ஹைகோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல இருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி, நூறு வருஷ முதுமையோட 1937-ல தாம்பரத்துக்குக் குடிபோனது. காடா கிடந்த சேலையூர்ப் பக்கம் முந்நூத்துச் சொச்சம் ஏக்கர். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மாணவர்களை தினம் ரயில்ல அனுப்பி வைக்கிற திட்டமா மட்டும் அதை அவங்க போடல. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால்னு விடுதிகளைக் கட்டி, வாத்தியாருங்க வீடும் உள்ளேயே வச்சாங்க. தூரத்துக்குப் போறதுன்னா வேலையையும் வீட்டையும் சேர்த்தே தூக்கிட்டுப் போகணும்கற புத்தி அவங்களுக்கு இருந்திருக்கு. எங்கப்பாவுக்கு அந்த வசதி கிடைக்கல.

அப்பா 1974-ல குரோம்பேட்டையில மனை வாங்கி வீடு கட்டினாரு. ஆபீஸ் பாரிமுனை. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடை, ரயில், மறுபடி நடை, எல்லாம் சேர்த்து போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால். 1999-ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் 25 வருஷம். அவருக்கு ரயில்ல தனி உலகமே இருந்தது. ஒரே பெட்டி, ஒரே சீட்டு. முழங்கால்ல பிரீஃப்கேஸ் வச்சு சீட்டாட்டம், பக்கத்துல பஜனை கோஷ்டி, எதிர்ல அவரைக்காய் நார் உரிக்கிற டைப்பிஸ்ட் அம்மா. ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு ஆபீஸ்ல போட்ட மாலையை விட ரயில்ல போட்ட மாலையைத்தான் அவரு வீட்ல மாட்டி வச்சாரு. 2004 ஜூலையில மீட்டர் கேஜ் மின்ரயில் நின்னப்போ, ஒரு வேலையும் இல்லாம கடற்கரை வரைக்கும் போய்ட்டு வந்தாரு. கேட்டா, "சும்மாத்தாண்டா" அப்படின்னாரு.

அது அப்பாவோட கதை. அம்மாவோடது, காலை நாலரை மணி. கெரசின் ஸ்டவ்வுல ஏழு மணிக்குள்ள சாம்பார், கறி, டிபன் கேரியர். சாயங்காலம் வண்டி லேட்டுன்னா வாசல்ல நிக்கறது. போன் கிடையாது, எதுவும் தெரியாது. எனக்கு ஒரு தடவை ஜுரம் ஏறினப்போ, என்னை இடுப்புல வச்சுக்கிட்டு டாக்டர்ட்ட அம்மாதான் நடந்தாங்க. அப்பா வந்தப்ப நான் தூங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை அப்பா வேற, கிழமை அப்பா வேறன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அந்த வீடு பின்னால பாகம் பிரிக்கறதுல போச்சு. ரயில் ஆளா ஆக மாட்டேன்னுதான் நான் திருவல்லிக்கேணிக்கு வந்தேன்.

குறைஞ்சபட்சம் அப்பா தானே முடிவு பண்ணினாரு. அந்த வாய்ப்பே இல்லாதவங்க கதையைச் சொல்லாம விட்டா இந்தச் சரித்திரம் பொய். 1970-கள்ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்ச புதுசுல பல இடத்துல குடிசை இருந்த இடத்துலயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தாங்க. பின்னால போக்கு மாறிடுச்சு. 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையில இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனாங்க. மயிலாப்பூர், மந்தைவெளியில வீட்டு வேலை பார்த்த அம்மாக்களுக்கு வேலை அங்கேயேதான் இருந்தது, வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. காலை ஆறு மணிக்கு நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கணும்னா எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்? பல பேரு வேலையையே விட்டாங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அது பெரிய விஷயம், நான் மறுக்கல. ஆனா இலவசமானது டிக்கெட்தான். அந்த ரெண்டு மணி நேரத்தை அந்தம்மா தன் கையில இருந்துதான் கொடுத்தாகணும்.

இதெல்லாம் படிச்சு முடிச்சு, கரண்ட் பில்லுக்குப் பின்னால என் கணக்கைப் போட்டேன். கூடுவாஞ்சேரி கடற்கரையில இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல. வீட்டுல இருந்து ஆபீஸ் சீட் வரைக்கும் 1 மணி 50 நிமிஷம். இப்ப ஆகுறதை விட ஒரு வழிக்கு 85 நிமிஷம் கூட, ஒரு நாளைக்கு 170 நிமிஷம். வருஷத்துக்கு 280 வேலை நாள்னா 793 மணி நேரம், அதாவது முழுசா 33 நாள். எனக்கு இன்னும் 18 வருஷ சர்வீஸ். கிட்டத்தட்ட 595 நாள், ஒண்ணரை வருஷத்துக்கு மேல. ராத்திரி பகலா ரயில்ல!

பில்லை மனைவிகிட்ட நீட்டினேன், என்னமோ பெருசா கண்டுபிடிச்ச மாதிரி. அவ இங்க ஒரு ஸ்கூல்ல டீச்சர், நடந்து போற தூரம். முழுசா படிச்சுட்டு, "ஏங்க, இதுல என் நேரம் எங்க?" அப்படின்னா.

எழுதவே இல்ல. பல்லக்குக்காரனுக்காகவும் பெரும்பாக்கத்து அம்மாவுக்காகவும் அவ்ளோ உருகினவன், வீட்ல இருக்கறவளை விட்டுட்டேன். பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவ ஸ்கூல் மாத்தறதும் கணக்குல இல்ல. "உங்கம்மா நாலரைக்கு எழுந்தாங்கன்னு அவ்ளோ உருக்கமா சொல்றீங்களே, நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?"னு கேட்டா. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டா. பதில் சொல்ல முடியல.

இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. வர்ற திங்கள்ல இருந்து ஒரு வாரம், கூடுவாஞ்சேரியில இருக்கிற நண்பர் வீட்டு மாடியில குடும்பத்தோட தங்கறோம். அங்கேர்ந்தே நான் ஆபீஸ், அவ ஸ்கூல், பொண்ணு ஸ்கூல். மூணு பேரும் ஆளுக்கொரு நோட்டுல எழுந்த நேரம், கிளம்பின நேரம், திரும்பின நேரம் எழுதணும். சனிக்கிழமை மூணையும் பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறோம். புரோக்கருக்கு அதுவரைக்கும் அட்வான்ஸ் கிடையாதுன்னு சொல்லியாச்சு. மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

இதே மாதிரி தள்ளிப் போய்ப் பார்த்தவங்க, இல்ல போய்ட்டுத் திரும்பி வந்தவங்க இருந்தா உங்க கணக்கையும் சொல்லுங்க. வீட்ல இருக்கறவங்களைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.