வீடற்றோரின் நரம்பு நோய்கள்: சுகாதாரப் பணியாளர்கள் கற்க வேண்டியது என்ன?

பிச்சாவரம் போகும் வழியில் சிதம்பரம் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ இறங்கும்போது, ஓரமாகச் சுருண்டு கிடக்கும் ஒருவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். வாய் கோணியிருக்கும், பேச்சு குழறும், கேட்டதற்குப் பதில் வராது. "குடிச்சிருக்கான்", "பைத்தியம்", "ஏதோ சேட்டை பிடிச்சிருக்கு" என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் அவருக்கு வந்திருப்பது பக்கவாதமாக இருக்கலாம். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு ஏற்படும் மயக்கநிலையாகவும் இருக்கலாம். இரண்டும் மூளையையும் நரம்பையும் சேர்ந்த நோய்கள், இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

அதே 2001இல், கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த வலிப்பு நோய் ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. ஃபீனோபார்பிடோன், ஃபெனிடோயின் ஆகிய பழைய, விலை குறைந்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பாலோருக்கு வலிப்பு கட்டுப்படும் என்று அது காட்டியது. ஆக, மாத்திரை அன்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நோயை அடையாளம் கண்டு, மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கத் தெரிந்த ஆட்கள்தான் போதவில்லை.

பயிற்சி எங்கே நடக்கிறது?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 சதவீதம் வரை வலிப்பின்றி வாழ முடியும். நரம்பியல் நிபுணர் இல்லாத இடங்களில் பொது மருத்துவரும் செவிலியருமே வலிப்பு, மறதி நோய் போன்றவற்றைக் கவனிக்கப் பழக வேண்டும் என்பதற்காக அந்நிறுவனம் 2008இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடக அரசுடன் சேர்ந்து 2022இல் தொடங்கிய மூளை நலத் திட்டமும் இதே வழியில் தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றில் அரசு மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறது.

தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் வீடே இல்லாதவரை எந்த வாசலில் போய்த் தேடுவது? பக்கவாதத்துக்கு முக்கியக் காரணமே கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு அல்லவா?

வீடற்றோருக்கென்று தனியாகக் கற்க வேண்டியவை

1. குடிவாடை அடித்தாலும் சோதிக்க வேண்டும். சர்க்கரை குறைந்தவரும், தலையில் அடிபட்டவரும் போதையில் இருப்பவர் போலவே தெரிவார்கள். கீழே விழுந்து சில வாரங்கள் கழித்துக்கூட மூளையைச் சுற்றி மெல்ல மெல்ல ரத்தம் தேங்கிக் குழப்பம் வரலாம்.

2. பட்டினியாகக் கிடந்தவருக்கும் நீண்ட நாள் குடித்தவருக்கும் வைட்டமின் பி1 குறைந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றும்போது முன்னதாகவோ கூடவோ பி1 ஊசி போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

3. மாத்திரை மழையில் நனையும், தூங்கும்போது திருடுபோகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மாதக்கணக்கில் மொத்தமாகக் கொடுக்காமல், நம்பிக்கையான ஒருவர் கையால் அன்றாடம் கிடைக்கும்படி ஏற்பாடு செய்வது நல்லது.

4. பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போனால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரும். கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர், கழுவாத கை வழியாகவே முட்டை போகிறது. திறந்தவெளியில் வாழ்பவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

5. காலில் ஆறாத புண் இருந்தால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்.

சட்டம் சொல்வது

வலிப்பு மனநோய் அல்ல. ஆனால் தெருவில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். மனநோயுள்ள எவரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று மனநல மருத்துவச் சட்டம் 2017 தடை செய்கிறது. மனநோயோடு அலைந்து திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. குடும்பத்தைக் கண்டுபிடிப்பதும் காவல் நிலையத்தின் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியது

வலிப்பு வந்த பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. வலிப்பின்போது தம் ஆடை விலகிவிடாமல் இருக்க துஆச் செய்யுமாறு அவர் கேட்டார். நோயாளியின் மானம் அவருக்கு எவ்வளவு பெரிது என்பதை அது உணர்த்துகிறது.

தெருவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம், இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஆடையைச் சரிசெய்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள். முகம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பரங்கிப்பேட்டையிலோ சிதம்பரத்திலோ ஜமாஅத்துகள் மருத்துவ முகாம் நடத்தும்போது, ஒரு மருத்துவரும் செவிலியரும் ஒரு மணி நேரம் பேருந்து நிலையம் வரை நடந்து வரட்டும். பள்ளிவாசல் வாசலில் கை நீட்டுபவருக்குக் காசு கொடுக்கும் நாம், அவர் கை ஏன் நடுங்குகிறது என்றும் கேட்கப் பழகுவோம்.