பாடும் அடிப்பலகை

பாய்மரப் படகொன்று காற்றை ஒருபுறம் வாங்கிக்கொண்டு விரையுங்கால், சில வேளைகளில் அதன் அடியிலிருந்து ஓர் ஓசை எழுவதுண்டு. முதலில் வண்டு முரல்வது போலிருக்கும். வேகம் கூடக்கூடச் சுருதி ஏறும். பிறகு ஒரு நிலையில் நின்று, படகின் பலகைகளெல்லாம் நடுங்குமளவுக்கு வலுக்கும். மேனாட்டுப் படகோட்டிகள் இதனை ‘அடிப்பலகை பாடுகிறது’ என்பர். தம் கையாலேயே படகு கட்டி நீரில் இறக்கியவருக்கு இப்பாட்டு இனிப்பதில்லை. எங்கோ பிழை செய்துவிட்டோம், எந்த மூட்டு கழலப் போகிறதோ என்ற அச்சமே மிஞ்சும். இவ்வோசையின் காரணமும் மருந்தும் தெளிவாவதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

முதலில் பலகையின் கதை. காற்று தள்ளும் திசையிலேயே செல்லும் படகுக்கு அடியில் ஆழமான உறுப்பு எதுவும் வேண்டா. காற்றுக்குக் குறுக்கே செல்ல வேண்டுமாயின், பக்கவாட்டில் வழுக்காமல் நீரைப் பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும். ஏரா என்றும் அடிமரம் என்றும் வழங்கும் உறுப்பு அதற்கு உதவும். ஆயின் அடிமரம் ஆழமாக இறங்கினால் படகு கரையை நெருங்க இயலாது. வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது ஏற்றிக்கொள்ளும் பலகை இவ்விடரைத் தீர்த்தது. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தார் பலகையை நீருள் செருகிப் பக்க வழுக்கலைத் தடுத்தனர். தென்னமெரிக்காவின் மேற்குக் கரை மக்கள் தம் பால்சா மிதவைகளில் பல பலகைகளைச் செருகி, அவற்றை ஏற்றியும் இறக்கியும் திசையையே திருப்பினர்.

ஆங்கிலக் கடற்படையில் இதனைப் புகுத்தியவர் ஜான் ஷாங்க் என்னும் அதிகாரி. 1774 இல் பாஸ்டன் நகரில் இத்தகைய சிறு படகொன்றை அவர் கட்டினார். அவர் முறைப்படி 1798 இல் உருவான ‘லேடி நெல்சன்’ என்னும் 60 டன் கப்பலில் ஏறி இறங்கும் பலகைகள் மூன்று இருந்தன. ஆஸ்திரேலியாவுக்குச் சென்று பாஸ் நீரிணையைக் கடந்து 1800 டிசம்பரில் சிட்னியை அடைந்த அக்கப்பல், கால் நூற்றாண்டு உழைத்தபின், 1825 இல் தீமோருக்குக் கிழக்கேயுள்ள பாபர் தீவருகே கொள்ளையரிடம் சிக்கி அழிந்தது. இதற்கிடையே 1811 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஸ்வெயின் சகோதரர்கள் தம் பலகை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர்.

கப்பல் தச்சரின் கையிலிருந்த இக்கலை சாதாரண மக்கள் கைக்கு வந்தது 1963 இல் எனலாம். அவ்வாண்டு இலண்டன் படகுக் கண்காட்சியில் ‘மிரர்’ என்னும் சிறு படகு அறிமுகமாயிற்று. ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் ஆகிய இருவர் வகுத்தது அது. பெயரையும் விளம்பரத்தையும் கொடுத்தது ஒரு நாளேடு. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் கண்ணாடியிழைப் பட்டையைப் பசையிட்டு ஒட்டினால் 11 அடிக்குச் சற்றே குறைந்த படகு உருவாகிவிடும். தச்சுப் பயிற்சி இல்லாத ஆசிரியர்களும் எழுத்தர்களும் வீட்டுக் கொட்டகையில் படகு கட்டினர். இதுகாறும் கட்டப்பட்ட மிரர் படகுகள் 70,000 க்கு மேற்பட்டவை. இவ்வாறு கட்டப்படும் படகுகளில் அடிப்பலகையின் விளிம்பைச் சீவுவதும் கட்டுபவர் பொறுப்பே. மேசையின் ஓரத்தைப் போல இருபுறமும் அழகாக உருட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பு. பாட்டு பிறப்பது அவ்விடத்தில்தான்.

காரணத்தைத் தேடிய வரலாறு நீரில் அன்று, காற்றில் தொடங்கியது. 1878 இல் செக் நாட்டு இயற்பியலார் வின்சென்ஸ் ஸ்ட்ரோஹால் கம்பிகளைக் காற்றில் சுழற்றி அவை எழுப்பும் ஒலியை அளந்தார். சுருதியை நிருணயிப்பவை கம்பியின் தடிப்பும் வேகமுமே. அதன் இழுவிசையோ நீளமோ அல்ல என்று கண்டார். வேகத்தைத் தடிப்பால் வகுத்து, ஏறத்தாழ 0.2 ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது கிடைக்கும். காற்றும் கம்பியும் உராய்வதால் ஒலி பிறக்கிறது என்று அவர் எண்ணியது பொருந்தவில்லை. ஆயினும் அளவு நிலைத்தது. காரணம் தவறாயினும் கணக்கு சரியாக அமைந்த அரிய நிகழ்ச்சிகளுள் இஃதொன்று.

மெய்க் காரணம் விளங்கியது 1911 இல், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில். பேராசிரியர் பிராண்டலின் மாணவர் ஹீமென்ஸ், ஓடும் நீரில் உருளை ஒன்றை நிறுத்தி அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தை அளக்க முயன்றார். நீரோட்டம் அசையாமல் இருக்கவேண்டும். அதுவோ ஓயாது ஊசலாடியது. உருளை சரியான வட்டமில்லை என்றனர், அரும்பாடுபட்டுத் தேய்த்தார். கால்வாய் சமமில்லை என்றனர், அதையும் திருத்தினார். ஊசல் நிற்கவில்லை. நாள்தோறும் காலையில் இன்றேனும் நின்றதா என்று வினவி, இல்லை என்ற விடையையே கேட்டுவந்த இளைஞர் தியோடர் ஃபான் கார்மான், தவறு மாணவரிடத்தில் இல்லாமல் இயற்கையின் விதியிலேயே இருக்கலாமென ஐயுற்றுக் கணக்கிட்டார். தடையின் பின்னே நீர்ச்சுழிகள் இடமும் வலமுமாக மாறிமாறிக் கழன்று, இரு வரிசைகளாகச் செல்கின்றன. ஒவ்வொரு சுழியும் கழலும்போது தடையை ஒரு பக்கம் தள்ளுகிறது. அம்மாணவரின் உழைப்பு வீணாகவில்லை. தேய்த்துத் தேய்த்தும் தீராத குறையாலன்றோ உண்மை வெளிப்பட்டது!

(வகுப்பறைகளில் இவ்விதிக்குச் சான்றாக 1940 நவம்பர் 7 ஆம் நாள் அமெரிக்காவில் வீழ்ந்த டக்கோமா பாலத்தைக் காட்டுவோர் உளர். அது பொருந்தாது. பாலம் முறுகியது நிமிடத்திற்கு 12 முறை; சுழிகள் கழன்றதோ அதைப்போல் பல மடங்கு. பாலத்தின் முறுகலே காற்றின் விசையைத் தன்பால் இழுத்து வளர்ந்தது.)

இனி அடிப்பலகைக்கு வருவோம். பின்விளிம்பு 4 மில்லிமீட்டர் தடிப்பு, படகின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் எனக் கொள்வோம். ஸ்ட்ரோஹாலின் கணக்குப்படி நொடிக்கு 100 முறை பலகை இடமும் வலமும் தள்ளப்படும். பலகைக்கும் தனக்கென ஓர் இயல்பு அதிர்வு உண்டு. இரண்டும் நெருங்கியவுடன் சுழிகள் பலகையின் தாளத்துக்கே கட்டுப்பட்டுவிடுகின்றன. வேகம் சிறிது கூடினும் குறையினும் சுருதி மாறாமல் ஒரே நிலையில் நிற்பது இதனாலேயே.

கப்பல்களின் உந்துசுழலிகளும் இவ்வாறே பாடி மாலுமிகளை வருத்தின. 1952 இல் கோங்வர் என்னும் அமெரிக்கர் நீரில் பாடும் தகடுகளை ஆராய்ந்து பின்விளிம்பின் வடிவத்தை நாடினார். நீர்மின் நிலையச் சுழலிகளை ஆராய்ந்தவர்களும் அதே முடிவுக்கு வந்தனர். விளிம்பை இருபுறமும் ஒத்தவாறு உருட்டினால் அதிர்வு குறைவதில்லை, சில வேளை பெருகவும் செய்யும். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவினால் வெகுவாகத் தணியும். இரு பக்கச் சுழிகளும் ஒத்த வலிமையோடு மாறிமாறிப் பிறக்க வழியில்லாமற் போவதே அதன் காரணம்.

ஆகவே படகு கட்டியவர் உளியை எடுக்குமுன் சோதிக்க வேண்டியவை சில. சுக்கானின் அலகை ஒரு கணம் தூக்கிப் பார்த்தால் பாடுவது சுக்கானா, பலகையா என்பது தெரியும். பலகையின் தலையைக் கையால் அழுத்தும்போது ஓசை அடங்கினால், பலகை அதன் கூட்டினுள் தளர்ந்திருக்கிறது. கூட்டின் உட்புறத்தில் கம்பளியோ ரப்பரோ ஒட்டி இறுக்கினால் பாதி நோய் தீரும். பலகையைச் சில அங்குலம் உயர்த்தினால் நீருள் தொங்கும் நீளம் குறைந்து இயல்பு அதிர்வு ஏறும். அப்போது ஓசை கூடுதலான வேகத்தில்தான் தொடங்க வேண்டும். அவ்வாறே நிகழ்ந்தால் சுழிகளே காரணம் என உறுதி கொள்ளலாம்.

பலரும் இழைப்பது முன்விளிம்பைத்தான். நீரைக் கிழிப்பது அதுவாகலின் குற்றமும் அதன்மேல் ஏறிவிடுகிறது. திருத்த வேண்டியது பின்விளிம்பு. அதனை ஒரு பக்கமாக 30 பாகை அளவில் சாய்த்து, முனைகள் மழுங்காமல் கூராக விடவேண்டும். விளிம்பை மெல்லியதாக்குவதும் நன்று. தடிப்பு 2 மில்லிமீட்டராகக் குறைந்தால், அதே 100 அதிர்வு பாதி வேகத்திலேயே வந்துவிடும். அவ்வேகத்தில் நீரின் விசை நான்கில் ஒரு பங்கே. பெரும்பாலும் காதுக்கு எட்டாது. மிகவும் மெல்லியதாக்கினால் ஒட்டுப்பலகை கல்லில் பட்டுப் பிளந்துவிடும்; அங்குக் கண்ணாடியிழை இட்டுக் காத்துக்கொள்ள வேண்டும்.

ஈயமோ இரும்போ கோத்த கனத்த அடிமரமுள்ள படகுகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சுழியின் ஓசை வேகத்தோடு தோன்றி வேகத்தோடு மறைவது. வேகம் எதுவாயினும் அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் ‘டக்’கென்று தட்டுவதும், அடிமரம் சேருமிடத்தில் நீர் கசிவதும் தளர்ந்த மரையாணியின் அடையாளம். அங்கு இழைப்புளிக்கு வேலையில்லை. படகைக் கரையேற்றிவிட வேண்டும்.