கொத்தமல்லியில் மல்லி உண்டா?

விமான் நகரின் காய்கறி வண்டியில் நான் கேட்பது கோதிம்பீர். கைக்கு வருவது கொத்தமல்லிக் கட்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று உணரச் சில மாதங்கள் ஆயின. மொழியியலில் முதுகலை பயின்ற ஒருவருக்கு இது வெட்கத்துக்குரிய தாமதமே. 'கொத்துக் கொத்தாக வளரும் மல்லி' என்ற விளக்கம் சிறுவயதிலேயே மனத்தில் பதிந்துவிட்டது. அத்தனை தெளிவான விளக்கம் இருக்கும்போது சொல்லை மீண்டும் யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

அண்மையில் ஒரு கலந்துரையாடலில் 'கொத்தமல்லி தூய தமிழ்ச் சொல்லா, வடசொல்லா' என்று கடும் வாதம் எழுந்தது. இரு தரப்பும் உறுதியோடு பேசின. கேள்வியே தவறாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

அண்டை மொழிகளிலிருந்து தொடங்குவோம். கன்னடத்தில் கொத்தம்பரி, தெலுங்கில் கொத்திமீர, மராத்தியில் கோதிம்பீர், குஜராத்தியில் கோத்மீர். பூவைக் குறிக்கும் சொல் கன்னடத்தில் மல்லிகெ, தெலுங்கில் மல்லெ. பெயரில் தொடக்கத்திலேயே மல்லி இருந்திருப்பின் இம்மொழிகளிலும் அதன் சுவடு தெரிய வேண்டும், தெரியவில்லை. தமிழ் மல்லி நிற்கும் இடத்தில் அவற்றில் '-ம்பரி', '-மீர' என்பனவே நிற்கின்றன. மலையாளத்தில் கொத்தமல்லியோடு கொத்தம்பாலரி என்ற வடிவமும் வழங்குகிறது. அங்கே மக்களின் செவி மல்லிக்குப் பதிலாக 'அரி'யைக் கேட்டிருக்கிறது போலும். விளங்காத ஒலித்தொடரை விளங்கும் சொற்களாகப் பிரித்துக்கொள்ளும் இவ்வியல்பை நாட்டார் சொற்பிறப்பு என்கிறோம்.

இனி வடமொழி. குஸ்தும்புரு என்ற சொல் பாணினியின் 6.1.143ஆம் சூத்திரத்திலேயே இடம்பெறுகிறது. 'கு' என்ற இழிவுப் பொருள் முன்னொட்டும் 'தும்புரு'வும் சேரும்போது, தாவர இனத்தைக் குறித்தால் இடையில் ஸகரம் தோன்றும். வெறுமனே 'கெட்ட தும்புரு' என்றால் தோன்றாது. ஒரே சொல்லுக்காகத் தனி விதி! வழக்கில் நிலைத்துவிட்ட, ஆனால் பிரித்துப் பொருள் காண இயலாத ஒரு சொல்லை இலக்கணி எதிர்கொள்ளும்போதுதான் இத்தகைய விதி பிறக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அரசுக் களஞ்சியத்தின் காரப் பொருள்களில் திப்பிலி, மிளகு, இஞ்சியோடு இதையும் எண்ணுகிறது. ஆகவே சொல் பழையது. ஆனால் வடமொழியில் பழையது என்பதும் வடமொழியில் பிறந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

செடியின் பூர்விகத்தையும் நோக்க வேண்டும். இஸ்ரேலின் நஹால் ஹெமார் குகையில் புதிய கற்காலக் கொத்தமல்லி மணிகள் கிடைத்துள்ளன; எகிப்தில் தூத்தன்காமனின் கல்லறையிலும் அவை இருந்தன. கிழக்கு மத்தியதரைக்கடல், மேற்கு ஆசியப் பகுதிகளே இதன் தாயகமாகக் கருதப்படுகின்றன. அங்கே அக்காதியத்தில் கிசிபிர்ரு, அரபியில் குஸ்பரா. குஸ்தும்புருவை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: க-ஸ-ப-ர என்ற மெய்ச் சட்டகம் ஒத்துவருகிறது. இது ஒப்புமையே ஒழிய நிறுவப்பட்ட முடிவன்று. இடையில் நுழைந்த தகரத்துக்கும் மகரத்துக்கும் விளக்கம் வேண்டும். ஆயினும் செடியோடு பெயரும் மேற்கிலிருந்து வந்திருக்கக்கூடும் என்ற வாய்ப்பை ஒதுக்கிவிட்டுத் 'தமிழா, வடமொழியா' என்று மட்டும் கேட்பது ஆய்வாகாது.

கிரேக்கர்களும் இதே வழியில் சென்றவர்களே. மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'கோரிஸ்' என்ற சொல்லிலிருந்து கோரியான்னோன் வந்தது என்ற விளக்கம் பாடநூல்களில் இன்றும் உலவுகிறது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தறிந்த லீனியர் பி பலகைகளில் காணப்படும் வடிவமோ 'கோ-ரி-ஜ-தொ-நொ'. இது கிரேக்கத்துக்கு முந்தைய மொழியொன்றின் கடனாகலாம். பூச்சி பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே செடியில் கிரேக்கச் செவி பூச்சியையும், பாணினி கெட்ட தும்புருவையும், தமிழ்ச் செவி மல்லியையும் கண்டிருக்கின்றன. நம்முடையதுதான் மணமான பிழை என்று பெருமை கொள்ளலாம்!

இத்தனைக்கும் நம் செவி முற்றிலும் ஆதாரமின்றி இயங்கவில்லை. என் மாடத்துத் தொட்டியில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கடையில் வாங்கும் தனியாவைச் செருப்புக்காலால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து (நாம் விதை என்பது உண்மையில் இரு விதைகள் ஒட்டிய காய்), ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் ஏறத்தாழ பத்து நாளில் முளைக்கிறது. ஆணிவேர் உள்ள செடியாதலால் பிடுங்கி நட்டால் சோர்ந்துவிடும். புனேயின் குளிர்காலம் முழுவதும் தழை கிள்ளலாம். மார்ச் வெயில் உறைத்ததும் தண்டு நீண்டு, கொத்தாகச் சிறு வெண்பூக்கள். அதைக் கண்டபின் 'கொத்து', 'மல்லி' என்று பிரித்தவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. காய் பச்சையாக இருக்கும்வரை தழையின் நெடிதான். அது ஆல்டிஹைடுகளின் வேலை. முற்றிக் காய்ந்ததும் லினாலூல் மேலோங்கி இன்மணமாகிவிடுகிறது. மல்லிகைப் பூவின் மணத்திலும் லினாலூல் உண்டு. சொற்பிறப்புக்கு இதைச் சான்றாகக் காட்டக் கூடாது. காட்டும் ஆசையை அடக்குவது கடினம்.

மணம் மாறுவதால் பெயரும் பிரிகிறது. மராத்தியில் தழை கோதிம்பீர், மணி தணே. தெலுங்கில் கொத்திமீர, தனியாலு. அமெரிக்க ஆங்கிலத்திலும் சிலாந்த்ரோ, கோரியாண்டர் என இரண்டு. தமிழில் தனியா என்ற கடன்சொல் இருந்தும், பல ஊர்களில் மணிக்கு 'மல்லி' என்றே பெயர். மல்லித்தூள், ஈழத்தில் மல்லித்தண்ணி. பிழையாகப் பிரித்ததன் பின்பாதி தனிச்சொல்லாகி அடுப்படியில் உரிமை பெற்றுவிட்டது. எனவே கொத்தமல்லியைத் தமிழ்ச்சொல் என்பவர் ஒருவகையில் சரியே சொல்கிறார், அவர் கூறும் காரணத்தால் அல்ல.

இங்கிருந்து சற்றுத் தொலைவில், எரவடாவிலுள்ள டெக்கான் கல்லூரியில் 1948 முதல் வரலாற்று முறையிலான வடமொழிப் பேரகராதி தொகுக்கப்பட்டு வருகிறது. சொற்சீட்டுகள் ஏறத்தாழ ஒரு கோடி. வெளிவந்த தொகுதிகள் இன்னும் அகரத்தைக் கடக்கவில்லை. 'கு' வர நெடுங்காலமாகும். அதுவரை கடல் கடந்த வடிவங்களும் நமக்கு உதவும். சிங்களத்தில் இது கொத்தமல்லி: தமிழ்ச் செவியின் திருத்தத்தோடு சென்ற சொல். மலாயில் கெதும்பார்: 'ம்ப' சிதையாத, மல்லி நுழையாத வடிவம். மலேசியத் தமிழர் வீட்டில் மல்லியும் சந்தையில் கெதும்பாருமாக இரண்டையும் அன்றாடம் புழங்குகிறார்கள்.