தேவிகுளத்திலிருந்து பாக் வரை

எங்க ஊர் மீனாட்சிபுரம் கேரளாவில் இருக்கு, வீட்டில் தமிழ்தான். மாமாவோட கேசட் பெட்டியில்தான் முதலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கேட்டேன். 1986-ல் வந்தது. சினிமா இல்லை. தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம், வி.எஸ்.நரசிம்மனின் வயலினில் ரெண்டு பேரும் சந்திக்கிறாங்க. எந்தக் கணக்கில் வரவு வைப்பது? பேரே கேள்விதானே!

இதைச் செய்தவர் மலையடிவாரப் பண்ணைப்புரத்துக்காரர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அண்ணன் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அண்ணன் குழுவில் தம்பிகளும் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனவங்கதான்.

இங்கே வயலின் கற்கும் என் மகள், "இது எந்த ஊர் மியூசிக்பா?" என்றாள். வரைபடத்தில் தேவிகுளத்தைக் காட்டினேன்.

"அது கேரளாவாச்சே?"

"நம்ம ஊரும்தான்."