மருத்துவமனைகளில் மின்சிக்கனம் – ஒரு வரலாற்றுப் பார்வை

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சித்தன்னவாசல். ஓவியங்களுக்காகவே இவ்வூரைப் பலரும் அறிவர். ஆனால் அதே மலையின் மேல் ஏழடிப்பட்டம் எனும் இயற்கைக் குகைத்தளத்தில் சமண முனிவர்கள் தங்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கி.மு. முதல் நூற்றாண்டளவில் வெட்டப்பட்டது என்பர். கவிந்த பாறையே அங்கே கூரை. காற்றும் நிழலும் இலவசம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் சமணர்கள் தானங்களாகப் போற்றினர். மருந்து விற்கும் பொருளல்ல, கொடுக்கும் பொருள் என்ற இந்த எண்ணம் ஒரு கேள்வியையும் கூடவே கொண்டு வருகிறது. நோயாளியிடம் காசு வாங்காத இடத்தில் விளக்குக்கு எண்ணெய் வாங்கித் தருவது யார்?

தமிழகத்தில் இதற்குக் கல்லிலேயே பதில் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் ஏறத்தாழ கி.பி. 1068. அங்கிருந்த ஆதுலசாலையில் 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கான ஏற்பாடுகளையும் மருந்துகளின் பெயர்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயையும் மறக்கவில்லை. எண்ணெய்க்கு நிவந்தம் வைத்தவர் ஒருவர், விளக்கை ஏற்றுபவர் வேறொருவர். ஏற்றுபவர் மிச்சம் பிடித்தால் அவருக்குப் பரிசு எதுவுமில்லை. அந்தக் காலத்தில் அது ஒரு குறையுமல்ல. எண்ணெய் எரிப்பதில் அப்படி என்ன பெரிய சிக்கனம் செய்துவிட முடியும்!

மின்சாரம் வந்த பிறகுதான் இது சிக்கலாகிறது. சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என நீர்மின் நிலையங்கள் வரிசையாக இயங்கத் தொடங்கின. உலகெங்கும் அக்கால மின் நிறுவனங்களின் வணிகம் எளிமையானது. எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவு லாபம். அதிகம் வாங்குபவருக்கு யூனிட் விலையைக் குறைத்துக் கொடுக்கும் கட்டண முறையும் பல நாடுகளில் இருந்தது. அதாவது ஊக்கத்தொகை அன்றும் இருந்தது, ஆனால் அது செலவழிப்பதற்கான ஊக்கத்தொகை.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இதைத் தலைகீழாக்கியது. அமெரிக்கா 1978இல் இயற்றிய தேசிய எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் என்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. கட்டடத்தை ஆய்வு செய்து மின்சாரமும் எரிபொருளும் வீணாவதைத் தடுக்கும் வேலைகளுக்கு அரசு பங்குத்தொகை தந்தது. மருத்துவமனைகளைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 24 மணி நேரமும், 365 நாளும் மூடாத கட்டடம் அது. கலிபோர்னியா மாநிலம் 1982இல் இன்னொரு படி மேலே போனது. விற்கும் யூனிட் எண்ணிக்கைக்கும் மின் நிறுவனத்தின் வருமானத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. விற்பனை குறைந்தாலும் நிறுவனத்துக்கு நட்டமில்லை என்றான பிறகே, பழைய விளக்கையும் குளிர்சாதனத்தையும் மாற்றும் வாடிக்கையாளருக்கு மின் நிறுவனமே பணம் தருவது அங்கே வேரூன்றியது.

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. எரிசக்தித் திறன் வாரியம் 2002 மார்ச் 1 அன்று செயல்படத் தொடங்கியது. 2006இல் நட்சத்திரக் குறியீடு, 2007இல் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு, 2009இல் மருத்துவமனைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் என ஒவ்வொன்றாக வந்தன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2013இல் தேவைப்பக்க மேலாண்மைக்கான விதிமுறைகளை வெளியிட்டது. (பெயர் பயமுறுத்தினாலும் பொருள் இதுதான்: புதிய மின் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக வாடிக்கையாளரின் தேவையைக் குறைப்பது.)

ஆனால் மின்கட்டண அட்டையைப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளும், எல்லா நோயாளிகளுக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அறக்கட்டளை மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களோடு சேர்ந்து ஒரு சலுகைப் பிரிவில் வருகின்றன. தனியார் மருத்துவமனைகள் வணிகப் பிரிவில். 2014 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை உயரழுத்த இணைப்பில் முன்னதற்கு யூனிட் 6.35 ரூபாய், பின்னதற்கு 8 ரூபாய். திருமுக்கூடல் மரபு தொடர்கிறது என்று மகிழலாம். ஆனால் மலிவு விலை என்பது சிக்கனத்துக்கு எதிரான ஊக்கத்தொகையும்கூட.

ஒரு சிறு கணக்கு. வார்டில் ஓயாமல் சுற்றும் பழைய மின்விசிறி 75 வாட். புதிய வகை பி.எல்.டி.சி. விசிறி 28 வாட். நாள் முழுதும் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 412 யூனிட் மிச்சம். விசிறியின் விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தனியார் மருத்துவமனைக்கு அந்த முதல் 11 மாதத்தில் திரும்பிவிடும். அரசு மருத்துவமனைக்கு 14 மாதம் ஆகும்.

மூன்று மாத வித்தியாசம் பெரிதல்ல. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. அரசுக் கணக்கில் மின்கட்டணம் ஒரு தலைப்பு, கருவி வாங்குவது இன்னொரு தலைப்பு. ஒன்றில் மிச்சமானதை மற்றொன்றுக்கு எடுக்க மருத்துவ அலுவலருக்கு அதிகாரம் இல்லை. மார்ச் 31 தாண்டினால் மிச்சம் கருவூலத்துக்கே போய்விடும். ஆகவே, "மிச்சம் பிடித்தால் தள்ளுபடி" என்ற அறிவிப்பு தனியார் மருத்துவமனை மேலாளரை எழுப்பும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்க வேண்டிய ஆள் யார் என்றே தெரியாது. விளக்கை ஏற்றுபவர் வேறு, எண்ணெய்க்குக் காசு தருபவர் வேறு.

இந்த முடிச்சை அவிழ்க்க இருவழிகள் பலன் தந்திருக்கின்றன. ஒன்று, முதலீட்டை வேறொருவர் போட்டு, குறையும் கட்டணத்திலிருந்து தவணையாக எடுத்துக்கொள்வது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். தெருவிளக்குகளிலும் அரசுக் கட்டடங்களிலும் இதைச் செய்தது. மொத்தக் கொள்முதலால் அது வாங்கிய எல்.இ.டி. பல்பின் விலை 2014இல் 310 ரூபாயாக இருந்தது, 2016இல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தள்ளுபடி கொடுத்துச் சாதிக்க முடியாததை விலை வீழ்ச்சி சாதித்தது எனலாம்.

மற்றொரு வழி, வாங்கும்போதே நல்ல கருவியை வாங்குவது. இதற்குச் சிறந்த சான்று எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அமைதியாக நிற்கிறது. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் ஐ.எல்.ஆர். என்னும் பனிப்பூச்சுக் குளிர்பெட்டி அது. உட்சுவரைச் சுற்றி உறையும் பனியே குளிரைத் தாங்கிக்கொள்வதால், நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் இருந்தால் போதும். 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது இதன் அருமை புரிந்திருக்கும். எந்த மின்வாரியத் தள்ளுபடியும் இதை வாங்க வைக்கவில்லை. மருந்து கெட்டுவிடக் கூடாதே என்ற தேவைதான் வாங்க வைத்தது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. டெல்டா பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அதுபோன்ற இரவில் யூனிட் 6.35 ரூபாயா 8 ரூபாயா என்பது யாருக்கும் பொருட்டல்ல. பேட்டரி எத்தனை மணி வரை தாங்கும் என்பதே பேச்சு. பத்து விசிறிகள் உள்ள ஒரு வார்டுக்கு 3 யூனிட் தரக்கூடிய பேட்டரி இருப்பதாகக் கொள்வோம். இரவு 8 மணிக்குப் போட்டால் பழைய விசிறிகள் நள்ளிரவு 12 மணிக்கு நின்றுவிடும். 28 வாட் விசிறிகள் காலை ஆறரை மணிக்கும் சுற்றிக்கொண்டிருக்கும்.