செம்புக்கு எத்தனை மாதம்?

சேலையூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கழுவிக் கவிழ்த்து வைத்த பித்தளைச் செம்பை ஒருவன் எடுத்துக்கொண்டு போகிறான். அதே இரவில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற புத்தம் புதுக் கார் ஒன்றை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போகிறான். 1862 ஜனவரி 1ந் தேதி முதல் 2024 ஜூன் மாதக் கடைசி வரையில், இந்த இரண்டு பேருக்கும் சட்டம் வைத்திருந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379வது பிரிவு அது. செம்பின் விலையையோ காரின் விலையையோ அது கேட்கவில்லை.

‘வரை’ என்ற இரண்டெழுத்தைக் கவனியுங்கள். குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. ஒரு நாளும் கொடுக்கலாம். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாளும் கொடுக்கலாம். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள மைதானத்தில்தான் நம் நாட்டுத் திருடர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடி வந்திருக்கிறார்கள்.

விலையைக் கேட்காத இந்தச் சட்டத்துக்குத் தகப்பன் மெக்காலே. 1834 ஜூன் மாதம் சென்னைக் கரையில் இறங்கி, பல்லக்கில் ஏறி, பெண்டிங்க் பிரபுவைப் பார்க்க ஊட்டிக்குப் போன அதே மெக்காலேதான். இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்தவர் என்று நம்மவர்களிடம் அவர் வாங்கிய புகழும் வசையும் ஏராளம். தண்டனைச் சட்டத்தின் நகலையும் பெரும்பாலும் அவரே எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சக உறுப்பினர்கள் நோயில் படுத்துவிட்டதால் பாரம் அவர் தலையில் விழுந்தது. 1837ல் நகல் தயார். அப்புறம் அது இருபத்து மூன்று வருஷம் பரணில் கிடந்தது. பார்ன்ஸ் பீகாக் என்ற நீதிபதி தட்டித் துடைத்துச் சீர் செய்து, 1860 அக்டோபரில் சட்டமாயிற்று. அதைப் பார்க்க மெக்காலே இல்லை. முந்தின டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

அவர் ஏன் விலையை ஒதுக்கினார் என்பதை அறிய அவருடைய ஊரைப் பார்க்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவன் வீட்டுக்குள்ளிருந்து நாற்பது ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. கடையில் ஐந்து ஷில்லிங். ஜேப்படிக்குப் பன்னிரண்டு பென்ஸ் போதும். சட்டம் இவ்வளவு கொடூரமாக இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பொய் சொல்வார்கள். ஜூரர்கள் பொருளைப் பார்ப்பார்கள், கூண்டில் நிற்கிற பெண்ணைப் பார்ப்பார்கள், “இதன் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங்” என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்த ஒரு ஷில்லிங்கில் உயிர் பிழைத்தவர்கள் பல பேர். பிளாக்ஸ்டன் என்ற சட்ட மேதை இதற்குப் புண்ணியப் பொய் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். 1808ல் ஜேப்படிக்கும், 1823ல் கடைத் திருட்டுக்கும் தூக்கு நீங்கியது. மற்றதும் அடுத்த பத்தாண்டுக்குள் போயிற்று. இந்தப் பொய்க் கணக்குகளெல்லாம் ஓய்ந்துகொண்டிருந்த சமயத்தில் கப்பலேறி வந்தவர் மெக்காலே.

நமக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. மதுரையில் ஒற்றைச் சிலம்புக்காக விசாரணையில்லாமல் ஒருவன் தலை போனதையும், அதற்கு அந்த ஊர் கொடுத்த விலையையும் தமிழ் படித்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதை எழுதுகிற எனக்கு இந்தத் தண்டனைச் சட்டத்தில் ஒரு தனி மோகம் உண்டு. திருட்டு என்றால் என்ன என்று சொல்லும் 378வது பிரிவின் கீழே பதினாறு உதாரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கதை. ‘ஏ’ என்று ஒரு திருடன், ‘இஸட்’ என்று ஒரு பறிகொடுப்பவன். இருவருக்கும் வேறு பெயர் கிடையாது. ஒரு கதையில் பணப்பெட்டி சுமந்த மாடு ஒன்று வழியில் தனியே வருகிறது. ஏ அதைத் தன் பக்கம் ஓட்டுகிறான். மாடு ஓரடி எடுத்து வைத்ததுமே திருட்டு முடிந்துவிட்டதாம்! இன்னொன்றில் அவன் பையில் ஏதோ தின்பண்டத்தை வைத்துக்கொண்டு பிறத்தியார் நாயை இழுக்கிறான். நாய் பின்னால் வர ஆரம்பித்ததுமே குற்றம் பூர்த்தி. நண்பன் இல்லாத நேரத்தில் அவன் அலமாரியிலிருந்து, ‘அவன் ஒன்றும் சொல்லமாட்டான்’ என்று நம்பி, படிப்பதற்காக ஒரு புத்தகத்தை எடுத்துப் போனால் அது திருட்டல்ல என்று இன்னொரு கதை. (என் வீட்டுக்கு வருகிற நண்பர்கள் தயவுசெய்து இதைப் படிக்கவேண்டாம்.)

விலையை வாசல் வழியாக வெளியே அனுப்பிய மெக்காலே, அதன் இடத்தில் வேறு மூன்று கேள்விகளை உட்கார வைத்தார். எங்கே திருடினான்? எப்பொழுது திருடினான்? யார் திருடினான்?

‘எங்கே’ என்பதில் வேடிக்கைகள் நிறைய. குடியிருக்கும் கட்டடத்துக்குள் திருடினால் மூன்று ஆண்டு ஏழாகிவிடும். ஆனால் எது கட்டடம்? திறந்த தாழ்வாரத்திலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ எடுத்தால் அது ‘கட்டடத்துக்குள்’ ஆகாது என்று பழைய தீர்ப்புகள் சொல்கின்றன. ஆகவே பெருங்களத்தூரில் மாடிக் கொடியில் உலரும் பட்டுப் புடவைக்கு மூன்று. அதையே மடித்து உள்ளே வைத்துவிட்டால் ஏழு.

‘எப்பொழுது’ என்பதற்கு அஸ்தமனமே எல்லை. திருடும் எண்ணத்தோடு பகலில் வீட்டை உடைத்துப் புகுந்தால் பத்து ஆண்டு வரை, இரவில் புகுந்தால் பதினாலு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று நம் பக்கத்தில் வருஷந்தோறும் அறிவிக்கிறார்களே, அந்தப் பூட்டிய வீடுகளுக்கெல்லாம் இந்தப் பதினாலுதான் காவல். சுவரில் துளை போட்டுக் கையை விடுவது எப்படி வீட்டை உடைப்பதாகும் என்பதற்குச் சட்டத்தில் உதாரணம் இருக்கிறது. கன்னக்கோல் என்ற பெயர்தான் இல்லை.

‘யார்’ என்ற கேள்விக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வேலைக்காரர் எஜமானின் பொருளைத் திருடினால் ஏழு ஆண்டு வரை, 381வது பிரிவு. நம்பிக்கைத் துரோகம் என்பது காரணம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்கள். காசிக்குப் போகும்போது வெள்ளிக் கூஜாவை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள். திரும்பி வந்தால், “எந்தக் கூஜா?” என்கிறார். அதுவும் நம்பிக்கைத் துரோகம்தான், பெயரே அதுதான். அவருக்குப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு. பத்துப் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் அதே கூஜாவை எடுத்தால் ஏழு. அந்த அம்மாளுக்கு இரண்டு மாதச் சம்பளத்தை எஜமானி கொடுக்காமல் இழுத்தடித்தால், அது திருட்டே அல்ல. வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் நாம் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறோம் என்பதை யோசித்தால், இந்தப் பிரிவை எழுதிய பேனா நமக்கு ரொம்ப அந்நியமானதல்ல என்று தெரியும்.

சிறை ஒன்றே தண்டனை என்றும் நினைக்கவேண்டாம். 1864ல் கசையடிச் சட்டம் வந்தது. திருட்டுக்குச் சிறைக்குப் பதிலாகப் பிரம்படி கொடுக்கலாம் என்றது. பின்னால் நடைமுறைச் சட்டம் பிரம்பின் கனத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது, முப்பது அடிக்கு மேல் போகக்கூடாது, பதினாறு வயதுக்குட்பட்ட பையனுக்குப் பதினைந்து. சுதந்திரம் வந்து எட்டு வருஷம் கழித்து, 1955ல்தான் அது ஏட்டிலிருந்து ஒழிந்தது.

பையன்கள் என்றதும் செங்கற்பட்டு ஞாபகம் வருகிறது. தாம்பரத்திலிருந்து தெற்கே அதே ரயில் பாதையில், 1887ல் அங்கே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பித் தொழில் கற்றுக்கொடுப்பது என்ற எண்ணம் அதில் உருவெடுத்தது. 1920ல் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்ததில் சென்னை ராஜதானிதான் இந்தியாவில் முதல்.

அதே 1920, ஏப்ரல் 3ந் தேதி, மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை கொடுக்க மறுத்த கள்ளர்கள் செத்து விழுந்தார்கள். என்ன திருடினான், எங்கே, எப்பொழுது என்ற எந்தக் கேள்வியும் அந்தச் சட்டத்துக்குத் தேவையில்லை. எந்த ஜாதியில் பிறந்தான் என்பது போதும். 1911 முதல் சென்னை ராஜதானியில் இருந்த அதை 1947ல் நீக்கினார்கள். குழந்தைகளுக்காக இரங்கிய சர்க்காரும், குழந்தை பிறக்கும்போதே பதிவேட்டைத் திறந்து வைத்த சர்க்காரும் ஒன்றே.

சரி, ‘மூன்று ஆண்டு வரை’ என்ற மைதானத்தில் ஒருவன் எந்த இடத்தில் நிற்பான் என்பதை யார் நிச்சயிக்கிறார்கள்? மாஜிஸ்ட்ரேட். எதைக் கொண்டு? வயசு, முதல் தடவையா, பொருள் திரும்பக் கிடைத்ததா, எந்த நிலையில் திருடினான். 1958ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி முதல் குற்றவாளியைக் கண்டித்து அனுப்பிவிடவும் செய்யலாம். வீட்டுத் திருட்டுக்கும் வேலைக்காரர் திருட்டுக்கும்கூட அது பொருந்தும். 1973ல் வந்த நடைமுறைச் சட்டம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனையைச் சொல்வதற்கு முன்னால், அவனையே ஒரு வார்த்தை கேட்கவேண்டும். ‘தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்கிறாயா?’ அதற்கு வரும் பதில்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. சின்னக் குழந்தைகள், படுத்த படுக்கையாக இருக்கும் தாய், வேறு சம்பாதிப்பவர் இல்லை.

அதே சட்டம் விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளவும் வழி செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதிலிருந்து ஒரு வழக்கம் முளைத்தது. ஜாமீனுக்கு ஆள் இல்லாத ஏழை மூன்று மாதம் உள்ளே இருக்கிறான். “ஒப்புக்கொண்டால், இருந்த நாளே தண்டனை, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வாய்தா மேல் வாய்தா” என்கிறார்கள். செய்தவனும் ஒப்புக்கொள்கிறான், செய்யாதவனும் ஒப்புக்கொள்கிறான். இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்ட அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

நம் ராஜ்யமும் இந்தச் சட்டத்தில் ஒரு தையல் போட்டது. சிலைகள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த காலம். பத்தூர் நடராஜர் லண்டன் கோர்ட்டில் வழக்காடி 1991ல் ஊர் திரும்பினார். 1993ல் தமிழ்நாடு சட்டசபை 380வது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தது: வழிபாட்டு இடத்தில் விக்கிரகத்தைத் திருடினால் குறைந்தது இரண்டு ஆண்டு கடுங்காவல், அதிகபட்சம் மூன்று. சாதாரண வீட்டுத் திருட்டுக்கு அதிகபட்சம் ஏழு! கீழ்ப்படியைக் கட்டிய அவசரத்தில் கூரையைத் தாழ்த்திவிட்டார்கள். கோயிலுக்குள் எவர்சில்வர் குடத்தைத் திருடியவனுக்கு ஏழு வரை போகலாம், சோழர் காலத்து அம்மனைத் திருடியவனுக்கு மூன்றோடு சரி. இரவில் கோயிலை உடைத்துப் புகுந்தால் பதினாலு வரை உண்டு என்பதுதான் ஒரே ஆறுதல்.

2024 ஜூலை 1ந் தேதி மெக்காலேயின் சட்டம் விடைபெற்றது. பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. திருட்டுக்கு இப்போது 303வது பிரிவு. மூன்று ஆண்டு என்பது மாறவில்லை. விக்கிரகத் திருட்டு ஏழு ஆண்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரயாண வாகனங்களிலிருந்து பொருளைத் திருடுவதும் அதிலேயே இருக்கிறது. வாசகத்தை நேராகப் படித்தால், தாம்பரம் பிளாட்பாரத்தில் பர்ஸை அடித்தவனுக்கு மூன்று ஆண்டு, மின்சார ரயிலுக்குள் ஏறி அடித்தவனுக்கு ஏழு என்று ஆகிறது. சங்கிலிப் பறிப்புக்குத் தனிப் பெயரும் தனிப் பிரிவும் கிடைத்தன. கூஜாவை விழுங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூன்று ஐந்தாயிற்று. வேலைக்கார அம்மாளின் ஏழு அப்படியேதான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதல், வெளியே அனுப்பிய விலை திரும்ப உள்ளே வந்ததுதான். திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, இது முதல் தடவை, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால், சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. நம் சேலையூர்ச் செம்புக்காரனுக்கு நூற்று அறுபத்திரண்டு ஆண்டுகளில் கிடைத்த முதல் மரியாதை. மனதார வரவேற்கிறேன். ஆனால் செம்பை விற்று அரிசி வாங்கிச் சாப்பிட்டுவிட்டவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்? 4,999க்கும் 5,000க்கும் நடுவே உள்ள ஒரு ரூபாயை மதிப்பிடுவது யார்? பழைய செல்போனுக்குச் சொந்தக்காரர் சொல்வது வாங்கின விலை, கடைக்காரர் சொல்வது விற்கிற விலை. இனிமேல் நம் கோர்ட்டுகளிலும் முப்பத்தொன்பது ஷில்லிங் பொருள்கள் தென்படலாம். தங்கத்துக்கு அந்தச் சலுகையும் எட்டாது. சட்டம் வந்த அன்றே ஒரு கிராம் விலை ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இரண்டாம் தடவைக்கு நிலைமை வேறு. குறைந்தது ஒரு ஆண்டு கடுங்காவல், ஐந்து வரை போகலாம், அபராதமும் உண்டு. பழைய 379ல் இல்லாத கீழ்ப்படி இது. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று என்றோ தலையாட்டினானே ஒருவன், அவனுடைய அந்த ஒப்புதலும் முதல் தடவையாகவே எண்ணப்படும். விசாரணைக் கைதியை விடுவிக்கும் விதியிலும் இந்தக் கணக்கு வருகிறது. உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் முதல் தடவைக்காரனை ஜாமீனில் விடவேண்டும். முன்பே தண்டனை பெற்றவன் பாதிக் காலம் காத்திருக்கவேண்டும்.

சமூக சேவை என்றால் என்ன வேலை, எத்தனை நாள் என்று சன்ஹிதாவில் இல்லை. சமூகத்துக்குப் பயன்படுகிற, கூலி இல்லாத வேலை என்று மட்டும் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. செம்புக்காரன் ஏரிக்கரையைச் சுத்தம் செய்வானா, ஆஸ்பத்திரி வராந்தாவைப் பெருக்குவானா, ஒரு நாளா, ஒரு மாதமா என்பதெல்லாம் மாஜிஸ்ட்ரேட்டின் பேனாவுக்குள் இருக்கிறது. அந்த நாட்களில் அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்க எந்தப் பிரிவும் இல்லை.