திறக்கக் கூடாத பெட்டி

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு போர்ட்டபிள் ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறதா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தேடிப் பாருங்கள். பிறந்தநாள் பரிசாக வந்திருக்கும். இரண்டு வருடம் ஜோராகப் பாடியிருக்கும். பிறகு ஒருநாள் மக்கர் பண்ணி, பழைய சார்ஜர்களோடும் அறுந்த ஹெட்போன்களோடும் ஐக்கியமாகியிருக்கும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. சார்ஜரைச் செருகினால் பாடும். பிடுங்கினால் அடுத்த நொடியே வாயை மூடிக்கொள்ளும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதெல்லாம் ரிப்பேர் பண்றதில்ல சார். ஆஃபர் போயிட்டிருக்கு, புதுசு எடுத்துக்குங்க."

"பேட்டரிதான் போயிருக்கும் தம்பி. அதை மட்டும் மாத்தித் தர முடியாதா?"

"அது ஓப்பனே ஆகாது சார்."

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குக் கல்லூரியில் தேய்மானம் என்று ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். எந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழிக்க வேண்டும். நடுவில் ஒரு பாகம் போனால், மாற்றிய செலவை ரிப்பேர் கணக்கில் எழுத வேண்டும். ஒரே ஒரு பாகம் போனதற்காக மொத்த எந்திரத்தையும் பூஜ்யம் என்று எழுதச் சொல்லி எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்தே திறப்போம். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 'ஓப்பனே ஆகாது' என்பது எங்கிருந்து வந்தது என்பதும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

முதல் சிக்கல், வெளியே ஒரு ஸ்க்ரூ கூடத் தெரியவில்லை. அடியில் ஒரு ரப்பர் வளையம். அதன் ஓரத்தை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, காலாவதியான ஏ.டி.எம். கார்டை நுழைத்து மெல்ல நெம்பினேன். பசை நூல் நூலாகப் பிரிந்து வந்தது. அதற்கடியில் ஆறு ஸ்க்ரூக்கள், சமர்த்தாக ஒளிந்துகொண்டிருந்தன. தலையில் கூட்டல் குறி போட்ட, நமக்கெல்லாம் தெரிந்த ஸ்டார் ஸ்க்ரூ.

அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936ல் காப்புரிமை வாங்கியது இந்தத் தலைக்குத்தான். ஒற்றைக் கோடு போட்ட பழைய ஸ்க்ரூவில் டிரைவர் வழுக்கிக்கொண்டு போகும். இதில் தானாகவே நடுவில் போய் உட்காரும். கார் தொழிற்சாலையில் வேகமாக வேலை நடக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் போட்டது, உலகமே பின்தொடர்ந்தது. ஸ்க்ரூ என்பது ஒரு பூட்டு. ஆனால், அதன் சாவி எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பிற்பாடு சிலருக்கு இது பிடிக்காமல் போயிற்று. 2009ல் ஆப்பிள் கம்பெனி தன் மடிக்கணினியின் பேட்டரியை இறுக்க, ஐந்து இதழ் பூ மாதிரித் தலை வைத்த புதுவிதமான ஸ்க்ரூவைக் கொண்டு வந்தது. நம்மிடம் இருக்கும் சாவி அதில் நுழையாது. பசை அதற்கும் ஒரு படி மேலே. அதற்குச் சாவியே கிடையாது.

ஆறு ஸ்க்ரூவையும் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூடியை வெடுக்கென்று இழுக்க வேண்டாம், உள்ளே வயர் இருக்கும். மெதுவாகத் தூக்கினால், முதலில் கண்ணில் படுவது ஸ்பீக்கர் கோன்.

இது ரொம்ப எளிமையான சமாசாரம். ஒரு காந்தம். அதன் இடுக்கில், மெல்லிய கம்பி சுற்றிய ஒரு குழாய். குழாயோடு ஒட்டிய கோன். கம்பியில் மின்சாரம் ஏறி இறங்கினால் குழாய் முன்னும் பின்னும் துடிக்கும், கோன் காற்றைத் தள்ளும், காதில் பாட்டு. அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டுக்கு ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1874லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், அதிலிருந்து பாட்டையோ பேச்சையோ கேட்கலாம் என்று அவர் முயற்சி செய்யவில்லை. 1898ல் இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் ஒலிக்காகவே செய்து பார்த்தார். சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் அப்போது பிறக்கவில்லை. எனவே அதுவும் ஓரமாகக் கிடந்தது.

கலிஃபோர்னியாவில் நாபா என்று ஒரு சின்ன ஊர். பீட்டர் ஜென்சன் என்ற டென்மார்க்காரரும், எட்வின் பிரிதாம் என்ற அமெரிக்கரும் அங்கே உட்கார்ந்து, இதே காந்தம்-கம்பிச் சுருளை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் ரிசீவராக ஆரம்பித்ததை, கிராமபோன் குழாயோடு இணைத்தார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. மேக்னவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'பெருங்குரல்' என்று அர்த்தம். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சான் பிரான்சிஸ்கோ சிட்டி ஹால் எதிரே திரண்டிருந்த பெருங்கூட்டம் அந்தக் குரலைக் கேட்டது.

நான்கு வருடம் கழித்து, 1919 செப்டம்பர் 19. சான் டியாகோ ஸ்டேடியம். அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன், சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு கேட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். உடம்பு முடியவில்லை. எதிரே சுமார் 50,000 பேர். அதுவரை அவ்வளவு பெரிய கூட்டத்தின் கடைசி வரிசை, தலைவரைப் பார்த்துவிட்டுத்தான் போகும், கேட்டுவிட்டு அல்ல. அன்று வில்சனை ஒரு கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்துப் பேசச் சொன்னார்கள். அவர் பேச்சை மேக்னவாக்ஸ் கூட்டத்துக்குக் கொண்டு போனது. ஒரு வாரத்தில் வில்சன் பயணத்தை நிறுத்தினார். அக்டோபர் 2 அன்று பக்கவாதம். ஆனால், அரசியல் மேடைக்கு மைக்செட் வந்துவிட்டது. நம் ஊர்ப் பொதுக்கூட்டங்கள்வரை நீளும் கதை அது.

1925ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும், கொம்பு மாதிரியான பெரிய குழாய் இல்லாமலேயே, ஒரு காகிதக் கோனை வைத்துத் தெளிவாக ஒலி வரச் செய்யும் வழியை எழுதி வெளியிட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் ஸ்பீக்கர் அடிப்படையில் அதேதான். நூறு வருடமாகப் பெரிதாக மாறாத ஜீவன்! எளிதில் சாகாத ஜீவனும்கூட. சோதிக்க வேண்டுமா? கோனுக்குப் போகும் இரண்டு வயரையும் சர்க்யூட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு சாதாரண பென்சில் பேட்டரியின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்றால் உயிர் இருக்கிறது. என்னுடையது 'டப்' என்றது.

அடுத்து அந்தக் காந்தம். கட்டைவிரல் நகம் அகலம்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ரேடியோ ஸ்பீக்கர்களில் காந்தமே மின்சாரத்தில்தான் ஓடியது. கையில் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. பிறகு தன்னாலேயே வலுவான காந்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதில் கோபால்ட் கலந்தவை உசத்தி. 1978ல் ஜைர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டது. கோபால்ட் அங்கேதான் அதிகம் விளைந்தது. விலை எகிறியது. கோபால்ட் இல்லாமல் காந்தம் செய்ய முடியுமா என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து, 1983ல் அறிவித்தார்கள். நியோடிமியம். ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு சண்டைதான் உங்கள் ஸ்பீக்கரைக் கைக்கு அடக்கமாக்கியது என்றால் ரொம்பத் தப்பில்லை.

இதெல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது. ப்ளூடூத் சிப்பும் வேலை செய்கிறது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயர் அது, 'நீலப் பல்லன்'! ராஜா சௌக்கியம். அப்படியானால் குற்றவாளி யார்?

பேட்டரிதான். ஆள்காட்டி விரலைவிடத் தடியாக, ஓர் உருளை. பக்கவாட்டில் 18650 என்று எண். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். லித்தியம் அயன். 1991ல் சோனி கம்பெனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்த சமாசாரம். இதற்கு அஸ்திவாரம் போட்ட விட்டிங்ஹாம், குட்எனஃப், யோஷினோ மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு கிடைத்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டிய செல், 1.9 காட்டியது. 2.5க்குக் கீழே இறங்கிப் போனதை உசுப்பி எழுப்ப முயற்சி செய்யாதீர்கள். உப்பியிருந்தால் தொடவே தொடாதீர்கள். குத்தினாலோ, இரு முனையும் ஒட்டிக்கொண்டாலோ தீப்பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

கொஞ்சம் யோசியுங்கள். நூறு வயசுத் தொழில்நுட்பமான கோன் சாகாது. காந்தம் சாகாது. பேட்டரி மட்டும் கட்டாயம் சாகும். உபயோகித்தாலும் சாகும், சும்மா வைத்தாலும் மெதுவாகச் சாகும். செய்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அந்த ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, மேலே பசை போட்டு மூடியிருக்கிறார்கள்.

எப்போதுமே இப்படியா? இல்லை. 1954ல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. பெயர் ரீஜன்சி டிஆர்-1, விலை 49 டாலர் 95 சென்ட். பேட்டரி தீர்ந்தால் கழற்றி, வேறு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நம் வீட்டு டிரான்சிஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? பின்னால் ஒரு மூடி. பேட்டரிக் கட்டைகளை எடுத்து மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, இன்னும் இரண்டு நாள் பாட வைப்பாள் பாட்டி. மூடியின் கொக்கி உடைந்தால் ரப்பர் பேண்ட். அந்த மூடி இருந்தவரை, அது நம்முடைய ரேடியோ.

மூடியை ஏன் எடுத்தார்கள்? கம்பெனிகள் சொல்லும் காரணங்கள் உண்டு. தண்ணீர் புகக் கூடாது, ஒல்லியாக இருக்க வேண்டும், விஷயம் தெரியாதவர்கள் லித்தியத்தில் கை வைக்கக் கூடாது. கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். முதல் காரணத்துக்கு மட்டும் ஒரு கேள்வி. கடலுக்குள் முக்குளிப்பவர்கள் கொண்டுபோகும் டார்ச்சில், ஒரு ரப்பர் வளையத்தை வைத்துத் தண்ணீரைத் தடுத்துவிட்டு, பேட்டரியை மாற்றிக்கொள்கிறார்களே, அது எப்படி? மூடி, கொக்கி, வளையம் எல்லாம் செலவு. பசை மலிவு. வியாபாரக் கணக்கு அவ்வளவுதான்.

சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால், சரித்திரத்தில் அதுவும் நடந்திருக்கிறது. 1924ல் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி, ஃபீபஸ் என்று ஒரு கூட்டணி போட்டன. பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு. அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்குத் தண்டனை. இரண்டாம் உலகப் போர் வந்துதான் அந்தக் கூட்டணி கலைந்தது.

காற்று இப்போது கொஞ்சம் திசை மாறுகிறது. 2009ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்றை ஆரம்பித்தார். உடைந்ததை எடுத்துக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் கூடவே உட்கார்ந்து சரிசெய்ய உதவுவார்கள். பல நாடுகளுக்கு அது பரவியது. 2023ல் ஐரோப்பிய யூனியன் ஒரு பேட்டரிச் சட்டம் போட்டது. சாதனங்களில் உள்ள சிறிய பேட்டரிகளை, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும். 2027 பிப்ரவரி 18 என்று கெடுவும் குறித்தது. தண்ணீரில் புழங்குவதற்கென்றே செய்த பொருள்களுக்கு மட்டும், தேர்ந்த மெக்கானிக் மாற்றினால் போதும் என்று ஒரு சலுகை. ஸ்பீக்கர்காரர்கள் அந்தச் சந்தில் நுழைவார்களா என்பது சுவாரசியமான கேள்வி. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருட டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. நம் ஊரில் சட்டம் வருவதற்கு முன்பே ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

மறுநாள் அங்கேதான் போனேன். பழைய செல்லைக் காட்டினேன். வாழ்நாளெல்லாம் சால்டர் புகையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யார் சார் திறந்தது?"

"நான்தாண்ணே. ஏன், தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல. செல் மேல நேரா சால்டர் வெச்சுடாதீங்க, சூடு தாங்காது. பட்டை வெல்ட் பண்ணித் தரேன், வயரை அந்தப் பட்டையில வைங்க. பிளஸ், மைனஸ் மட்டும் மாத்திடாதீங்க."

புது ஸ்பீக்கர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழைய செல்லை அவரிடமே கொடுத்துவிட்டேன். அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

அன்று ராத்திரி வயரை வைத்து, மூடியைப் பொருத்தி, கிண்ணத்திலிருந்த ஆறு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். சார்ஜரைப் பிடுங்கினேன். பாடிக்கொண்டே இருந்தது.

கடைசியாக அந்த ரப்பர் வளையம். பசை டியூப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்தேன், கொஞ்சம் யோசித்தேன், மூடி வைத்துவிட்டேன். வளையத்தைச் சும்மா அழுத்திவிட்டதில் நன்றாகவே உட்கார்ந்துகொண்டது. இனி மழையில் மட்டும் வைக்கக் கூடாது. பரவாயில்லை. இந்தப் பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் போகும், திறக்க வேண்டி வருமே!

சரி, உங்கள் அலமாரியில் ஒன்று கிடக்கிறது என்றேனே, எடுத்தீர்களா?